கண்ணால் பார்த்தால்தான் சவால்

அந்த அலுவலகத்தின் பெயர் ஒரு தெருவில் அடங்கவில்லை. ‘நடத்தைச் சவால் உள்ள குழந்தைகளுக்கு ஆதரவுச் சேவைகளை’ என்பது வரைக்கும் பேருந்து நிற்கிற தெருவில் இருந்தது. ‘எளிதில் கிடைக்கச் செய்யும் மேம்பாட்டு மையம்’ என்பதைப் படிக்கக் கட்டடத்தின் முனை திரும்பி அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். வாசல் எந்தத் தெருவில் என்று இரண்டிலும் எழுதவில்லை. முதல் நாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டடத்தை முழுசாக ஒரு சுற்று சுற்றினேன். வாசல் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் இருந்தது. முன்பக்கம் மேம்பாட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. நான் அங்கே போய்வந்த காலம் முழுக்க நடந்துகொண்டுதான் இருந்தது.

நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். வீட்டுக்காரர் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவர். மகளுக்கு ஏழு வயது. வீட்டில் கூப்பிடும் பெயர் கடுகு. ஆள் பொடிசுதான். ஆனால் சூடேறினால் அடுப்படி முழுக்கத் தெறிப்பாள்.

அவளுக்கு எதுவும் திடீரென்று நடக்கக் கூடாது. விஷயமே அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலுக்கு வேறு மூடி போட்டுக் கொடுத்தால் பாட்டில் பறக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும், தங்கம். ‘இப்போ மிக்ஸி போடப் போறேன்டி’ என்றால் தானே கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள். இது எங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது. அங்கே மணி எப்போது அடிக்கும் என்று யாரும் அவளிடம் சொல்வதில்லை. அடித்ததும் கையில் கிடைப்பதை வீசுவாள். ஒரு நாள் வகுப்பில் பெஞ்சுகளை வேறு மாதிரி மாற்றிப் போட்டுவிட்டார்கள். கடுகு டீச்சரின் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள்.

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பேச்சில் தேன் சொட்டுகிற அம்மாள்.

“பாருங்கம்மா, எங்களுக்கு எல்லாக் குழந்தையும் ஒண்ணுதான். அதனாலதான் ஒரே ஒரு குழந்தையைத் தனியா கவனிக்க முடியலை. மையத்துல துணை ஆசிரியைன்னு கொடுக்கறாங்க. கூடவே உக்காந்து பார்த்துக்குவாங்க. அதுக்கு உத்தரவு வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா லீவு முடிஞ்சு பாப்பாவைக் கூட்டிட்டு வராதீங்க. நான் கண்டிப்பா சொல்றேன்னு நினைக்காதீங்க, அன்பாத்தான் சொல்றேன்.”

அன்பாகத்தான் சொன்னார். பக்கத்தில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது. அவளை வீட்டில் வைத்துக்கொண்டால் எங்கள் இருவரில் ஒருவர் வேலையை விட வேண்டும். வேலை போனால் போகட்டும், கடுகுக்குப் படிப்பு பிடிக்கும். கணக்கு என்றால் உயிர். அவளை எப்படி வீட்டில் பூட்டி வைப்பேன்?

அப்படித்தான் அந்த மையத்துக்குப் போனோம்.

உள்ளே ஒரு பெரிய கூடம். எதிரே சுவர் முழுக்க ஒரு குழந்தை சிரிக்கிற படம். கீழே, ‘ஒரு குழந்தையும் வெளியே நிற்கக் கூடாது’ என்ற வாசகம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘கூடத்தில் சத்தம் போடும் குழந்தைகள் வெளியே அனுப்பப்படுவார்கள்.’ எனக்கு முன்னால் ஒரு லாரி ஓட்டுநர் தன் மகனோடு உட்கார்ந்திருந்தார். பையனுக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஹார்ன் அடித்தார்கள். அவ்வளவுதான், பையன் நாற்காலி வரிசையைத் தள்ளிவிட்டு ஓட ஆரம்பித்தான். காவலாளி வந்துவிட்டார்.

“வெளியே கூட்டிட்டுப் போங்க சார். அமைதியானதும் கூட்டிட்டு வாங்க.”

“அமைதியா இருக்கறவனை எதுக்குங்க இங்க கூட்டிட்டு வரணும்?” என்றார் ஓட்டுநர்.

“அது உள்ள கேக்க வேண்டிய கேள்வி.”

“உள்ள எப்படிங்க போறது?”

“அமைதியா.”

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். “எத்தனையாவது தடவைன்னு மட்டும் கேக்காதீங்க தங்கச்சி” என்று சொல்லிவிட்டு, மகனை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவருடைய டோக்கன் காலாவதியாகிவிட்டது என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

கடுகு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். காரணம் இருக்கிறது. பேருந்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவைத்திருந்தேன். பெரிய ரூம் இருக்கும், ஜனங்க இருப்பாங்க, மைக்குல நம்பர் சொல்லுவாங்க, காதுமூடி போட்டுக்கலாம். வீட்டுக்காரர் கடையில் பெயிண்ட் டப்பாவைக் குலுக்குகிற இயந்திரம் ஊரைக் கூட்டும். அதற்காகக் கொடுத்த காதுமூடியில் ஒன்று இப்போது கடுகின் தலையில். அதைப் போட்டுக்கொண்டு சுவரில் இருந்த ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இவளை இப்படி வளர்த்ததே தப்போ என்று எனக்கு அன்றைக்கு முதல்முறையாகத் தோன்றியது.

மதிப்பீட்டு அதிகாரி நல்ல மனுஷர். அதையும் சொல்லிவிட வேண்டும். முகத்தில் ஒரு கெட்டது தெரியாது. கடுகை மேலும் கீழும் பார்த்தார்.

“சவால் எங்கே?”

“சார்?”

“நடத்தைச் சவால்மா. அமைதியா உக்காந்திருக்காங்களே.”

“இங்க அமைதியா இருக்கா சார். பள்ளிக்கூடத்துல டீச்சரைக் கடிச்சிட்டா.”

“அது பள்ளிக்கூடத்துல. பள்ளிக்கூடம் வேற துறை.”

கைபேசியில் எடுத்து வைத்திருந்த வீடியோவைக் காட்டினேன். கடுகு தரையில் புரண்டு அலறுகிற வீடியோ. அவசரத்தில் எடுத்தது, படமே ஆடும். அவர் பொறுமையாக முழுவதையும் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை ஏத்துக்க முடியாதும்மா. இந்தக் காலத்துல குழந்தைங்க பிரமாதமா நடிக்கறாங்க. கண்ணால பார்த்தாத்தான் சவால். நான் என் கண்ணால பார்க்கணும், என் உதவியாளர் அவர் கண்ணால பார்க்கணும். இங்க, ஆபீஸ் நேரத்துல.”

“கேட்டா செஞ்சு காட்டற விஷயமா சார் இது?”

“அதுக்கும் வழி வச்சிருக்கோம். தூண்டல் சோதனை.” பக்கத்தில் இருந்த உதவியாளரைப் பார்த்தார். “எழுதிக்கப்பா. இப்போ நான் குழந்தைக்குப் பின்னால போய் நிப்பேன். மூணு எண்ணினதும் திடீர்னு பலமா கை தட்டுவேன். ஒண்ணு… ரெண்டு…”

கடுகு ‘ரெண்டு’ என்றபோதே காதுமூடியை இறுக்கிக்கொண்டு, சாவகாசமாகத் திரும்பி உட்கார்ந்து, அவர் கை தட்டுவதை வேடிக்கை பார்த்தாள். நன்றாகத் தட்டினார்.

“சார், இப்படி முன்னாடியே சொல்லிட்டுத் தட்டினா அவ எதுவும் செய்ய மாட்டா” என்றேன். “அவளுக்கு வேண்டியதே அதுதான்.”

“முன்னறிவிப்பு கொடுக்காம எதையும் செய்யக் கூடாதும்மா. அது விதி. குழந்தைங்க நலனுக்காகப் போட்டது.”

“அந்த விதியைப் பள்ளிக்கூடத்துக்கும் போடுங்களேன் சார்.”

“பள்ளிக்கூடம் வேற துறைன்னு சொன்னேனே” என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு. ‘சவால் தென்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். போகும்போது கடுகின் கன்னத்தைத் தட்டி, “சமத்துக்குட்டி” என்றார். எனக்கு அவரைக் கடிக்க வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பொறுமைக்குப் பிறந்தவர். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று நாள் முழுக்க ஜனங்களுக்குக் காட்டுகிறவருக்குப் பொறுமை இருக்கத்தான் செய்யும். “மேல்முறையீடு பண்ணலாம்மா. இயக்குநர் பெரிய படிப்பு படிச்சவராம். இந்த விஷயத்துல புத்தகமே எழுதியிருக்காராம்” என்றார்.

மேல்முறையீட்டுக்கு நாள் கிடைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அந்த இடைவெளியில் மையம் சேவைகளை இன்னும் எளிதில் கிடைக்கச் செய்திருந்தது. சக்கர நாற்காலிக்கென்று ஒரு சாய்தளம் கட்டியிருந்தார்கள். பளிங்குபோல வழவழவென்று ஏறிப் போய், ஒரு வெறும் சுவரில் முட்டி நின்றது. கதவு அடுத்த கட்டத்தில் வருமாம். விசாரணை ஜன்னலுக்குப் பக்கத்தில் இன்னொரு விசாரணை ஜன்னல் திறந்திருந்தார்கள். இதில் கேட்டால் அதில் கேட்கச் சொன்னார்கள். நடைபாதையின் கடைசியில் ‘அமைதி அறை’ என்று ஒன்று. குழந்தைகள் பதற்றமானால் உட்காருவதற்காம். கண்ணாடி வழியே பார்த்தேன். மங்கலான விளக்கு, சுவரெல்லாம் மெத்தை, நடுவில் ஆளையே விழுங்குகிற மாதிரி ஒரு பெரிய பஞ்சு இருக்கை. கதவில் பூட்டு தொங்கியது.

“இது எப்போங்க திறப்பீங்க?” என்று பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

“திறந்தாச்சும்மா, ரிப்பன் வெட்டி. குழந்தைங்களை விட்டா அழுக்காயிடும்னு பூட்டி வச்சிருக்காங்க.”

அந்தப் பஞ்சு இருக்கையின் நடுவில் ஒரு பெரிய பள்ளம் விழுந்திருந்தது. குழந்தை உட்கார்ந்த பள்ளம் மாதிரி தெரியவில்லை. யோசித்துக்கொண்டே கடுகோடு கூட்ட அறைக்குப் போனேன்.

நீளமான மேஜை. மதிப்பீட்டு அதிகாரி, உதவியாளர், துணை இயக்குநர் அம்மா, இன்னும் இரண்டு பேர். எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். துணை இயக்குநர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, காதோடு காதாகப் பேச ஆரம்பித்தார்.

“ஐயா வர்ற நேரம். சொல்றதைக் கேட்டுக்கோங்க. ரெண்டு பேர் ஒரே சமயத்துல பேசக் கூடாது. திடீர்னு எதுவும் கேக்கக் கூடாது, ‘ஐயா ஒரு கேள்வி கேக்கப் போறேன்’னு சொல்லிட்டுக் கேளுங்க. மூஞ்சி சிவந்தா பேச்சை நிறுத்திடணும். அவர் டம்ளரைத் தொட்டுடாதீங்க. முடியறதுக்கு முன்னாடி, ‘ஐயா, இன்னும் கொஞ்ச நேரத்துல முடியும்’னு நாங்களே சொல்லிடுவோம்.”

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். வரிக்கு வரி எங்கள் வீட்டு விஷயம். கடுகும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, ஐயாவுக்கு…” என்று ஆரம்பித்தேன்.

“ஐயா ரொம்பத் திறமைசாலி. திறமைசாலிங்க அப்படித்தான் இருப்பாங்க” என்றார் அவசரமாக.

இயக்குநர் வந்தார். நெடுநெடுவென்ற ஆள், இஸ்திரி கலையாத சட்டை. நின்றபடியே பேச ஆரம்பித்தார்.

“இந்தச் சமூகம் இப்படிப்பட்ட குழந்தைகளைத் தண்டிக்குது. அது காட்டுமிராண்டித்தனம். அலறுற குழந்தை அடம் பிடிக்கலை, உதவி கேக்குது! அந்தக் குரலைக் கேக்கத்தான் நான் இருக்கேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். மெதுவாக, ஒவ்வொருவராக. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை, வந்தது. இந்த மனுஷர் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

அவர் உட்காரத் திரும்பினார். அங்கே அவருடைய நாற்காலி இல்லை. மேம்பாட்டுத் திட்டத்தில் வந்த புதுச் சுழல் நாற்காலி நின்றது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

“என் நாற்காலி எங்கே?”

“ஐயா, புதுசு…” என்றார் உதவியாளர்.

“காலையில வந்துச்சுங்க ஐயா…” என்றார் மதிப்பீட்டு அதிகாரி, அதே நேரத்தில்.

துணை இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். எனக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். எல்லாவற்றையும் முன்னாடியே கேட்டு வைத்திருந்த கடுகு காதுமூடியை இறுக்கிக்கொண்டாள்.

முதலில் கோப்புகள் பறந்தன. பிறகு பேப்பர் வெயிட், சுவரில் இருந்த கடிகாரத்தின் மேல். அவர் கத்திய சத்தத்தில் வெளியே கூடத்தில் இருந்த குழந்தைகளெல்லாம் அமைதியாகிவிட்டார்கள். குப்பைக்கூடையை உதைத்தார். அது உருண்டுபோய்ச் சுவர் ஓரம் நின்றதும் தேடிப்போய் இன்னொரு முறை உதைத்தார். “என் நாற்காலி! என் நாற்காலி!”

அடுத்து நடந்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஒருவர் விளக்கைக் குறைத்தார். ஒருவர் திரையை இழுத்தார். மற்றவர்கள் வாயே திறக்காமல் பின்வாங்கி நின்றார்கள். துணை இயக்குநர் மட்டும், தூரத்தில் இருந்தபடியே, தாழ்ந்த குரலில், “ஐயா, நான் கதவைத் திறக்கறேன். அப்புறம் நடக்கலாம். அமைதி அறைக்குப் போகலாம்” என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதட்டல் இல்லை, அவசரம் இல்லை, ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. இடுப்பில் இருந்து சாவி வந்தது. பூட்டு திறந்தது. இயக்குநர் போய்ப் பஞ்சு இருக்கையில் சரிந்தார். பள்ளம் அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

யாரும் தடுப்பதற்குள் கடுகு உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாற்காலியை மாத்திட்டாங்க பாப்பா” என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“முன்னாடியே உங்ககிட்ட சொல்லலையா?”

“சொல்லலை.”

“தப்புதான்” என்றாள் கடுகு. காதுமூடியைக் கழற்றி அவர் தலையில் மாட்டினாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஆறு பேரும் வாசலிலேயே நின்றோம். உள்ளே இருவரும் அப்படியே இருந்தார்கள், பழைய நாற்காலி எங்கிருந்தோ வந்துசேரும் வரைக்கும்.

பழைய நாற்காலியில் உட்கார்ந்து, தன் டம்ளரில் தண்ணீர் குடித்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டதும் இயக்குநர் தீர்ப்பைச் சொன்னார்.

“குழந்தை மிக அமைதி. இவ்வளவு இரைச்சல்லயும் நிதானம் தவறலை. அடுத்தவங்களுக்கு ஆறுதல் சொல்ற பக்குவம் வேற. சவால் தென்படவில்லை. நிராகரிக்கப்படுகிறது.”

காதுமூடியைத் திருப்பிக் கொடுத்தார். ரொம்ப மரியாதையாக, இரண்டு கையாலும்.

மதிப்பீட்டு அதிகாரி தொண்டையைச் செருமினார். “ஐயா, ஒரு விஷயம் சொல்லப் போறேன். குழு முன்னிலையில சவால் தென்பட்டா, அன்னைக்கே துணை ஒதுக்கணும்னு விதி இருக்கு. இன்னைக்குத் தென்பட்டிருக்கு. எல்லாருமே கண்ணால பார்த்துட்டோம். விதியில வயசு போடலை.”

துணை இயக்குநர் பேப்பர் வெயிட்டை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

“விதின்னா விதிதான்” என்றார் இயக்குநர். பெருந்தன்மையோடு கையெழுத்திட்டார். அந்த வருடத்துக்கு மிச்சமிருந்த ஒரே துணை ஆசிரியை இயக்குநர் அறைக்கு ஒதுக்கப்பட்டார்.

நடைபாதையில் நான் துணை இயக்குநரை மறித்தேன். உடம்பெல்லாம் எரிந்தது.

“இதெல்லாம் உங்களுக்கு இவ்வளவு நல்லாத் தெரியுமே! முன்கூட்டியே சொல்றது, தணிஞ்சு பேசறது, எல்லாம். என் பொண்ணுக்கு அது போதும்மா. பள்ளிக்கூடத்துல போய் ஒருத்தர் சொல்லிக் கொடுத்தா போதும். படிச்சவங்கதானே நீங்க?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். முகத்தில் களைப்புத் தெரிந்தது.

“இது படிச்சு வந்தது இல்லம்மா, பயந்து வந்தது. எங்க பதவி உயர்வு, மாற்றல், உங்க பள்ளிக்கூடத்துக்கு வர்ற மானியம்கூட, எல்லாம் அவர் கையெழுத்துல இருக்கு. அவர் நாற்காலியை ஞாபகம் வச்சுக்கறோம். உங்க பொண்ணு என்ன கையெழுத்துப் போடுவா, சொல்லுங்க?”

நான் கடுகின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார்.

“என்னாச்சு? துணை ஆசிரியை கொடுத்துட்டாங்களா?”

“கொடுத்துட்டாங்க.”

“அப்பாடா! கடுகுகிட்ட சொல்லிட்டியா?”

“இயக்குநருக்குக் கொடுத்துட்டாங்க” என்றேன். அவர் பொறுமையாக யோசித்துப் பார்த்தும் அவருக்கு விளங்கவில்லை.

லீவு முடிந்தது. கடுகைக் கூட்டிக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியையின் முன்னால் நின்றேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

“உத்தரவு எங்கம்மா?” என்றார் அந்த அம்மாள், தேன் கொஞ்சம் குறைவாக.

“உத்தரவு இல்லைங்க. இயக்குநர் ஐயாவும் இவளும் அன்னைக்கு ரொம்ப நேரம் ஒண்ணா உக்காந்திருந்தாங்க. ஐயா இவ கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. மனசுல இருக்கறதெல்லாம் சொன்னாரு. இதோ இந்தக் காதுமூடியைத் தானே போட்டுப் பார்த்தாரு. சந்தேகமா இருந்தா ஐயாவுக்கே ஒரு போன் போட்டு, உங்க நாற்காலியை மாத்தின அன்னைக்கு நடந்தது உண்மையான்னு கேட்டுக்கோங்க.”

ஒரு வார்த்தை பொய் இல்லை. தலைமை ஆசிரியை போனைப் பார்த்தார். கடுகைப் பார்த்தார். மானியம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், நெற்றி வியர்த்தது. போனை எடுக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

“பாப்பா எங்க உக்காருவாங்க?” என்று கேட்டார். ஏழு வயதுக் குழந்தையை ‘உக்காருவாங்க’ என்றார்.

“ஜன்னல் ஓரம். பழைய இடம்” என்றாள் கடுகு.

பெஞ்சுகள் பழைய இடத்துக்குப் போயின. டீச்சர் வந்தார், மணிக்கட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டே. மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று அவரிடம் சொன்னேன். நான் வகுப்பு வாசலில் நின்றேன், போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் கடுகின் பக்கத்தில் வந்து குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இப்போ மணி அடிக்கும், சரியா?”

“சரி” என்று காதைப் பொத்திக்கொண்டாள். மணி அடித்தது. கையை எடுத்துவிட்டுக் கணக்கு நோட்டைத் திறந்தாள்.

இவ்வளவுதான். இதற்குத்தான் இவ்வளவும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அந்தப் பள்ளிக்கூடச் சுவரை ஓங்கி ஒரு உதை உதைக்க வேண்டும் போலவும் இருந்தது. வெளியே வாசலில் லாரி ஓட்டுநர் தன் மகனோடு நின்றுகொண்டிருந்தார், அவர் மகனையும் இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வராதீங்க என்று சொல்லிவிட்டார்களாம். நான் அவர் மகனைப் பார்த்தேன். பிறகு திரும்பி நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குள் மறுபடியும் நுழைந்தேன்.

“அம்மா, இன்னொரு விஷயம் சொல்லப் போறேன்” என்றேன். “பதறாம கேளுங்க.”